மீரான் டிராவல்ஸில் என் பெட்டி

இந்தப் பெட்டி உங்க காலை இடிக்குதா தம்பி? கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. மேல வைக்கச் சொல்லி கண்டக்டர் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன். இது ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே புறப்பட்ட பெட்டி. நான் இன்னைக்குத்தான் புறப்படுதேன்.

நீங்களும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கா? நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. டிக்கெட்டு நீங்களே கம்பெனியில நேரா போட்டதா, இல்ல ஆள் வச்சுப் போட்டதா? ஆள் வச்சா. யாரு, அம்பாசமுத்திரம் மீரான் டிராவல்ஸா? சரி, விடுங்க. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஊரே அங்கதான் போகுது, நீங்க மட்டும் என்ன செய்வீய.

என் பேரு ஆவுடையப்பன். கரண்டு ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருசம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். எங்க ஆபீஸ் வாசல்ல 'இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்'னு ஒரு போர்டு தொங்கும், பாத்திருப்பீங்க. அதை மாட்டுனது நான். ஏணி போட்டு ஏறி, என் கையால ஆணி அடிச்சேன். புது கனெக்சன் வேணும்னா முறையா வரணும். மொத்தம் ஆறு மேசை, அவ்வளவுதான். ஆறாவது மேசை நான். நான் லீவுன்னா மறுநா வரணும். மறுநா மூணாவது மேசைக்காரரு லீவா இருப்பாரு, அதுக்கு அடுத்த நா வரணும். இதுல என்ன கஷ்டம்? ஆனா சனங்களுக்குப் பொறுமை கிடையாது தம்பி. எதிர்த்த டீக்கடையில உக்காந்திருக்க புரோக்கர்கிட்ட ஓடிருவாவ. அவன் மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துருவான். முடிச்சுட்டா மட்டும் அது முறையாயிருமா?

அந்த வைராக்கியம் என் உடம்புலயே ஊறிப் போச்சு. எங்கயும் நடுவுல ஆள் கூடாது. கல்யாணம் ஒண்ணுதான் தரகர் மூலமா நடந்துட்டு. அது எங்கப்பா செஞ்ச வேலை.

எனக்கு ஒரே மக, கல்யாணி. மாப்பிள்ளை சேதுவுக்கு மஸ்கட்ல வேலை. ஏழு வருசமா பிள்ளை இல்ல. எந்தக் கோயிலுக்குப் போனோம், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு கேக்காதீங்க, சொன்னா நாம இறங்குத இடம் தாண்டிரும். அப்புறம் ஒருவழியா உண்டாச்சு. எட்டாம் மாசம் போன் பண்ணுனா. "அம்மாவை அனுப்பி வைங்கப்பா. நீங்களும் வாங்க. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இருக்காது" அப்படின்னா. நீங்களும்னு சொன்னா தம்பி. பொம்பளைப் பிள்ளைக பேறுகாலத்துக்கு அம்மாவைத்தான் கூப்பிடும். எம்மக என்னையும் கூப்பிட்டா.

போனை வைக்கல, அதுக்குள்ள எம் பொஞ்சாதி சொர்ணம், "மீரான்ட்ட சொல்லிருங்க, ரெண்டு டிக்கெட்டு"ங்கா. எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. "ஏளா, கம்பெனிக்காரன் கடையத் திறந்து வச்சிருக்கான், நமக்குக் கையில போன் இருக்கு, நடுவுல மீரான் எதுக்கு?"ன்னேன். "அவுகளுக்கு விவரம் தெரியும்"னா. "எனக்குத் தெரியாதா?"ன்னேன். முப்பத்தஞ்சு வருசமா அந்தக் கேள்விக்கு மட்டும் அவ பதில் சொன்னதே இல்ல.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு மூணு நாள் உக்காந்தேன். பேரு கேக்கான், குடுத்தேன். பாஸ்போர்ட் நம்பர் கேக்கான், குடுத்தேன். கடைசியா, நான் மனுசன்தான்னு நிரூபிக்கச் சொல்லி ஒன்பது படம் காட்டுதான். எதுலயெல்லாம் சைக்கிள் இருக்கோ அதையெல்லாம் தொடணுமாம். என்கிட்ட பென்சன் புத்தகம் இருக்கு, ரேசன் கார்டு இருக்கு, அதையெல்லாம் கேக்க மாட்டேங்கான். ஒரு படத்துல சைக்கிளோட பின்சக்கரம் மட்டும் தெரியுது. அதைத் தொடணுமா வேண்டாமா? எதிர்வீட்டு ஆளைக் கேட்டேன், அவரு தொடாதீங்கன்னாரு. தொடல. நான் மனுசன் இல்லன்னுட்டான். மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

ஆனா போட்டுட்டேன் தம்பி. ரெண்டு டிக்கெட்டு. ஆள் இல்லாம, நானே போட்டேன். காயிதமா அடிச்சு, தேரடிப் பக்கம் நின்ன அத்தனை பேருக்கும் காட்டுனேன். ராத்திரி சாப்பிட உக்காரும்போது சொர்ணம் அதை வாங்கிப் பாத்தா, காலண்டரைப் பாத்தா, என்னையப் பாத்தா. "வெள்ளிக்கிழமையில்லா போட்டிருக்கீய. மஸ்கட் மேற்க இருக்கு. வெள்ளிக்கிழமை மேற்க பயணம் ஆகாது, சூலம்"னா. நான் சோத்துலயே கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். "மீரான்னா முதல்லயே சொல்லியிருப்பாவ"ன்னு அடுத்தது ஒண்ணு போட்டா. "அவரு பாய், அவருக்கு நம்ம சூலம் தெரியுமா?"ன்னேன். "அவுக கடையில தொங்குததே பஞ்சாங்கக் காலண்டர்தான். வாரவங்க எல்லாம் அதைக் கேட்டுட்டுத்தானே டிக்கெட்டே போடுதாவ"ங்கா. நான் அதைக் கவனிச்சதில்ல.

சூலத்துக்குப் பரிகாரம் உண்டு. வெள்ளிக்கிழமைன்னா துளி வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கிளம்பலாம். எனக்குச் சுகர். "ஒரு துளிதானே"ன்னா சொர்ணம். துளின்னாலும் இனிப்பு இனிப்புதானே, டாக்டர் என்ன துளி சாப்பிடலாம்னா சொல்லியிருக்காரு? அதனால பரஸ்தானம் வச்சிருவோம்னு முடிவு பண்ணுனேன். உங்களுக்கு அது தெரியுமோ என்னமோ. நல்ல நாளாப் பாத்து நம்ம பெட்டியை மட்டும் முன்னால அனுப்பிரணும். போற திசையில இன்னொருத்தர் இடத்துல கொண்டுபோயி வச்சிட்டா, நாமளே அன்னைக்குப் புறப்பட்ட மாதிரி. அப்புறம் எந்த நாள் வேணாலும் போயி எடுத்துக்கிட்டு ஏறிக்கிடலாம். ரெண்டே ரெண்டு விசயம். மூணு நாளைக்கு மேல போனா அது செல்லாது. வச்ச பெட்டி பயணம் போகாம வீட்டுக்குள்ள திரும்பக் கூடாது.

எங்க வீட்டுக்கு மேற்க முதல் வீடு என் மச்சினன் வீடு. அவனோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, பன்னெண்டு வருசமாச்சு. அடுத்தது பூட்டுன வீடு. அதுக்கடுத்தது கோழிக்கடை. நாங்க சைவம். அதுக்கும் அடுத்தது மீரான் டிராவல்ஸ்.

வேற என்ன செய்ய? புதன்கிழமை காலையில நல்ல நேரத்துல பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். "வாங்க அண்ணாச்சி, பரஸ்தானமா?"ன்னாரு மீரான். பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாரு பாருங்க. "ஆமா, அப்படியே ஒரு வழியாப் போறோம்"னு மழுப்புனேன். யார்ட்ட டிக்கெட்டு போட்டீயன்னு அவரு கேக்கல. ஆளுக உக்காருத நாற்காலியத் துண்டால துடைச்சு, பெட்டிய அதுமேல வச்சாரு. டிக்கெட்டு போட வந்தவரு நின்னுக்கிட்டே இருந்தாரு. எனக்குள்ள ஒரு சிரிப்பு. பாய், உம்ம கடையிலயே பரஸ்தானம் வச்சிட்டு, உம்ம விட்டுட்டுப் போறேன் பாரும்னு நினைச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை கம்பெனியில இருந்து சேதி வருது. வெள்ளிக்கிழமை ப்ளேன் ரத்து. காரணம் கிடையாது, சிரமத்துக்கு வருந்துகிறோம், அவ்வளவுதான். போனைப் போட்டா ஒரு பொம்பளைக் குரல். பணம் திரும்ப வேணும்னா ஒண்ணை அழுத்து, வேற நாள் வேணும்னா ரெண்டை அழுத்துங்கா. பணத்தை வாங்குனா நான் தோத்த மாதிரி. ரெண்டை அழுத்துனேன். அங்க இருந்து இன்னொரு குரல், அது நாலை அழுத்தச் சொல்லுது. அது போயி இன்னொண்ணு, ஏழை அழுத்தச் சொல்லுது. அதை அழுத்துனா வந்த ஆளு, "இது எங்க பிரிவு இல்லை, மறுபடியும் முதல்ல இருந்து வாங்க"ங்கான். இப்படி ஒரு மனுசனை அலைய விடலாமா தம்பி? சம்பளம் வாங்குதவன், ஒரே இடத்துல வேலைய முடிச்சுக் குடுக்க வேண்டாமா? எங்க உக்காந்து படிச்சுட்டு வாரானுவளோ.

கடைசியில ஒரு எழுத்து மிசின்ட்ட மாட்டுனேன். நாம தமிழ்ல தட்டுனா அதுவும் தமிழ்ல பதில் தட்டும். 'எந்த நாள் வேண்டும்?'னு கேட்டுது. 'வெள்ளி, ஞாயிறு தவிர எந்த நாளும் சரி, மேற்கே சூலம்'னு தட்டுனேன். 'சூலம் போன்ற கூர்மையான பொருட்களை விமானத்தில் எடுத்துச் செல்ல அனுமதியில்லை'ன்னு பதில் வருது. ஐயா, அது திசைன்னு தட்டுனேன். 'ஜன்னல் ஓர இருக்கை வேண்டுமா?'ங்குது.

அப்புறம்தான் விசயமே தெரிஞ்சுது. அந்தக் கம்பெனி மஸ்கட்டுக்கு வாரத்துல ரெண்டே நாள்தான் பறக்கான். வெள்ளி, ஞாயிறு. வாரத்துல ஏழு நாள் இருக்கு, மேற்க சூலம் ரெண்டே நாள். அந்த ரெண்டையும் தேடிப் புடிச்சுப் பறக்கான் பாருங்க. ஞாயித்துக்கிழமை இடம் இருக்குன்னான். ஆனா புதன்ல இருந்து ஞாயிறு அஞ்சு நாள், பரஸ்தானம் காலாவதி. திரும்ப வைக்கலாம்னா பெட்டி வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொர்ணம் இன்னொரு பெட்டிய எடுத்து வைங்கன்னா. மனுசன் ஒருத்தன், பரஸ்தானம் ரெண்டான்னு கேட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு புதன்கிழமையும் பறக்கப் போறானாம். அந்தப் புதன்கிழமைக்கு மாத்திக்கிட்டேன். நல்ல நாளு, சூலமும் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சுன்னா பிள்ளை பிறந்திரும்லான்னு கேக்கீயளா? சொர்ணமும் அதைத்தான் கேட்டா. கேட்டுட்டு நேரா மீரான் கடைக்குப் போயிட்டா. அவரு அங்க இங்க ஒரு போனைப் போட்டு, அடுத்த புதன்கிழமையே வேற கம்பெனியில ரெண்டு டிக்கெட்டு இருக்குன்னுட்டாரு. "அண்ணாச்சிக்கும் சேத்துப் போடுதேன், பழைய டிக்கெட்டைப் பத்திக் கவலைப்படாதீய, கம்பெனிட்ட நான் பேசிக்கிடுதேன்"னாராம். எனக்கு அவமானமாப் போச்சு. நான் போட்ட டிக்கெட்டுக்கு அவரு பேசுததா? "நீ வேணும்னா போ, நான் நேரா வாரேன்"னேன். "நேரா வந்து சேருதது எப்போ?"ன்னா. "முறையா வரும்போது வருவேன்"னேன்.

அவ போயிட்டா. பிரசவ மருந்து, இஞ்சிப் பொடி, பழைய வேட்டி நாலு, எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கிட்டு போயிட்டா. போகும்போது, பிடிவாதம் பிள்ளை பாக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா. எனக்கு அப்போ அது சரியாப் புரியல.

இப்போ என் நிலைமையக் கேளுங்க. நல்ல சட்டை, வேட்டி, பிரசர் மாத்திரை, சேவிங் செட்டு, படிக்குத கண்ணாடி எல்லாம் பெட்டிக்குள்ள. பெட்டி மீரான் கடையில. புறப்பட்ட பெட்டியில இருந்து சாமானை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? கூடாது. அதனால தினமும் காலையில அங்க போவேன், மாத்திரைய அங்கயே போடுவேன், முகத்தை அங்கயே மழிப்பேன், பேப்பர் படிச்சு முடிச்சதும் கண்ணாடியத் திரும்பப் பெட்டிக்குள்ள வச்சிருவேன். மீரான் ஒரு டீ வாங்கித் தருவாரு. டீயைக் குடிச்சுக்கிட்டே, வாரவங்ககிட்ட, "எதுக்கு ஆள் வச்சுப் போடுதீய, கம்பெனியில நேரா போடுங்க"ன்னு எடுத்துச் சொல்லுவேன். மீரான் காதுல விழும், சிரிச்சுக்கிடுவாரு. ஒருத்தரு நான் சொன்னதைக் கேட்டுப் போனாரு. நாலு நாள் கழிச்சுத் திரும்ப மீரான்ட்டயே வந்தாரு. என்னைய ஒரு பார்வை பாத்தாரு, வணக்கம் கூடச் சொல்லல.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆளுக என்கிட்டயே கேக்க ஆரம்பிச்சாவ. "அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை டெல்லிக்குப் போலாமா?" "வடக்க சூலம், வியாழக்கிழமை போங்க." "ஷார்ஜாவுக்கு ஞாயிறு?" "வேண்டாம், திங்கள்." நான் நாள் சொல்லுவேன், மீரான் டிக்கெட்டு போடுவாரு. கூட்டம் வர ஆரம்பிச்சிட்டு. கடையில என்னைய வேலைக்கு வச்சிருக்காவன்னு ஊர்ல ஒரு பேச்சு. அதெல்லாம் கிடையாது தம்பி. நான் பெட்டியப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். எனக்குன்னு ஒரு மேசை போட்டாரு, அது பெட்டி வைக்கதுக்கு.

பிள்ளை பிறந்த அன்னைக்கும் நான் அங்கதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம். கல்யாணி மீரான் போனுக்குத்தான் கூப்பிட்டா, படம் தெரியுத மாதிரி. "அப்பா அங்கதான் இருப்பாவன்னு அம்மா சொன்னா" அப்படின்னா. ஆம்பளைப் பிள்ளை. மீரான் எனக்கு முன்னால பாத்துட்டு, "மாஷா அல்லாஹ், அண்ணாச்சி மாதிரியே நெத்தி"ன்னாரு. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல தம்பி. என் பேரன் முகத்தை அந்த ஆளு முதல்ல பாத்துட்டாரேன்னு ஒரு ஆத்திரம். போனை வாங்கி, பிள்ளையப் பாக்காம, "அந்தாளுக்கு ஏன் போன் போட்ட? நடுவுல ஆள் இல்லாம என்கிட்டப் பேச முடியாதா? உங்கம்மா மாதிரி குறுக்கு வழி எனக்கு வேண்டாம், நான் நேரா வருவேன்"னு கத்திட்டேன். கடையில இருந்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டாவ.

அவ அறுவைச் சிகிச்சை பண்ணிப் படுத்திருந்தா. எனக்கு அது அப்போ தெரியாது. சத்தமாப் பேச முடியல அவளுக்கு. "பக்கத்துல இருங்கன்னுதானேப்பா கேட்டேன்"னா. "நீங்க நேராவே இருந்துக்கிடுங்க. நான் இனிமே கூப்பிட மாட்டேன்"னா. போன் சாஞ்சுட்டு. கட் ஆகுததுக்கு முன்னால துணிக்குள்ள இருந்து ஒரு கால் மட்டும் தெரிஞ்சுது. சின்னக் கால். என் சுண்டுவிரல் அளவுதான் பாதம். நான் பாத்தது அவ்வளவுதான்.

ஐம்பது நாள் ஆச்சு. நான் போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. சொர்ணம் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருதரம், சாப்பிட்டீயளா, மாத்திரை போட்டீயளான்னு கேப்பா. பிள்ளை எப்படி இருக்கான்னு நான் கேப்பேன், நல்லா இருக்கான்னு சொல்லி வச்சிருவா.

மார்த்தாண்டம் போயிட்டா? பஸ் வேகமாத்தான் போறான்.

போன வாரம் மீரான் வீட்டுக்கே வந்துட்டாரு. உள்ள வரல, வாசல்ல நின்னுக்கிட்டே சொன்னாரு. "அண்ணாச்சி, அவுக எல்லாரும் புதன்கிழமை ஊருக்கு வாராவ. சேது தம்பியும் லீவு போட்டுக் கூட வாராரு. நான்தான் டிக்கெட்டு போட்டேன். பதினோரு மணிக்கு திருவனந்தபுரத்துல இறங்குதாவ. உங்க ப்ளேனும் அன்னைக்குத்தானே மூணரைக்கு? நீங்க இப்போ மஸ்கட்டுக்குப் போயி என்ன செய்யப் போறீய? சொல்லுங்க, ரத்து பண்ணிருவோம்"னாரு.

கேட்டீயளா தம்பி. மஸ்கட்ல இப்போ எனக்குன்னு யாரும் கிடையாது. வீடு பூட்டிக் கிடக்கும். நான் போயி அந்த வாசல்ல நிக்கணும். ஆனா நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நேரா போட்ட டிக்கெட்டு பாய், ரத்து பண்ண மாட்டேன். பெட்டியும் பயணம் போகாம வீட்டுக்குள்ள வரக்கூடாது"ன்னேன். அவரு தலைய ஆட்டிட்டுக் கிளம்பிட்டாரு. கோவப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இன்னைக்குக் காலையில பெட்டிய எடுக்கப் போனா, பிடியில புதுசாப் பேரு எழுதிக் கட்டி, பூட்டுக்கு எண்ணெய் விட்டு வச்சிருக்காரு. "பத்திரமாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி"ன்னாரு. பஸ் ஏத்திவிட்டதும் அவருதான்.

நேத்து வரைக்கும் நான் என்ன நினைச்சேன்னா, பதினொன்றைக்குப் போயிருவோம், அவங்க வெளிய வரும்போது தூணுக்குப் பின்னால நின்னு பிள்ளைய ஒரு பார்வை பாத்துருவோம், பன்னெண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பிக்குததுக்கு முன்னால உள்ள போயிருவோம்னு நினைச்சேன். தூரத்துல இருந்து பாத்தா பிள்ளை முகம் தெரியுமா? துணியில சுத்தித்தானே கொண்டுவருவாவ. திரும்பவும் கால் மட்டும் தெரிஞ்சா என்ன செய்ய?

மணி என்ன? பதினொன்னு பத்தா. அப்போ இறங்கியிருப்பாவ. பெட்டிக்காக நின்னுக்கிட்டு இருப்பாவ. இந்தப் பஸ் போயிச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ங்கீயளா? ஒரு மணி நேரமா? நான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேனா? அதுக்குள்ள அவங்க காரு வச்சுக் கிளம்பிருவாவளே. இதே ரோட்டுலதான் எதிர்த்தாப்புல வருவாவ. நான் இங்கிட்டுப் போவேன், அவங்க அங்கிட்டுப் போவாவ.

தம்பி, உங்களை யாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு உதவி செய்வீயளா? உங்க போன்ல இந்த நம்பரை ஒரு தடவை போடுங்களேன். என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. எம்மகட்ட நீங்களே சொல்லுங்க. பக்கத்து சீட்டுக்காரன்னு சொல்லுங்க, யாருன்னு வேணாலும் சொல்லுங்க. உங்கப்பா வந்துக்கிட்டு இருக்காரு, மஸ்கட்டுக்கெல்லாம் போகல, ராகு காலமானாலும் பரவாயில்லையாம், கொஞ்சம் நிப்பீயளாம்னு சொல்லுங்க. கெஞ்சுததா நினைச்சாலும் சரி.

எடுத்துட்டாளா? என்கிட்டக் குடுக்காண்டாம், குடுக்காண்டாம், என் குரலைக் கேட்டா வச்சிருவா. நீங்களே பேசுங்க. பின்னால பிள்ளை சத்தம் கேட்டா மட்டும் போனைக் கொஞ்சம் என் காதுப் பக்கம் பிடிங்க.